எட்டு இன்ச் வலப்பக்கம்

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மிச்சிகனில் சாயங்காலம் ஏழு மணிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இலக்கு 40 யார்டில், அதாவது சுமார் 37 மீட்டரில். ஃபீல்ட் பாயின்ட் எனப்படும் சாதாப் பயிற்சி முனை மாட்டிய மூன்று அம்புகளை விட்டேன். மூன்றும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் அடங்குகிற மாதிரி குத்தின. அடுத்து அதே வில், அதே அம்பு, முனை மட்டும் பிராட்ஹெட். பிளேடு வைத்த வேட்டை முனை அது. விட்டேன். பாதி வழியில் எதையோ மறந்துவிட்ட ஆள் மாதிரி அம்பு ஒதுங்கியது. எட்டு இன்ச் வலப்பக்கம், நாலு இன்ச் கீழே.

கை நடுங்கியிருக்கும் என்று இன்னொன்று விட்டேன். அதுவும் முந்தைய அம்புக்குப் பக்கத்திலேயே போய்ச் செருகியது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. தாறுமாறாகப் போனால் அன்றைக்கு நாள் சரியில்லை என்று விட்டுவிடலாம். சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்துக்குப் போனால் அதற்கென்று ஒரு காரணம் இருக்கிறது. மான் சீசன் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. கையில் இருந்தது ஐந்து வாரம்கூட இல்லை.

நான் நாமக்கல் பக்கத்துக்காரன். ஊரில் வில்லைத் தொட்டதே இல்லை. கொல்லிமலையில் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது வேடிக்கை பார்த்ததோடு சரி. இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் இருப்பதால் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த பிறகுதான், அலுவலகத்தில் கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மான்கறி கொடுத்து ஆரம்பித்து வைத்தார். இந்த மாநிலத்தில் 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் பொதுவாக லைசென்ஸ் கிடைக்கும். அதை முடித்தேன். நவம்பர் 14 வரை வில், 15-ஆம் தேதியிலிருந்து துப்பாக்கி. துப்பாக்கிச் சத்தமும் கூட்டமும் எனக்கு ஒத்துவரவில்லை, வில்லுக்கு வந்துவிட்டேன். விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து சித்தப்பா போனில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "என்னப்பா வல்வில் ஓரி, ஒரே அம்புல எத்தனை உருப்படி?" என்றுதான் பேச்சையே தொடங்குவார்.

என்னுடையது காம்பவுண்ட் வில். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மிசௌரியைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. இரண்டு முனையிலும் கேம் என்கிற சக்கரம் இருக்கும். என் வில்லை இழுக்க 62 பவுண்டு வேண்டும். முழுசாக இழுத்து முடித்ததும் கேம் திரும்பி நின்று, 80 சதவீதச் சுமையை அது வாங்கிக்கொள்ளும். அப்புறம் கையில் தாங்க வேண்டியது பன்னிரண்டு பதின்மூன்று பவுண்டுதான். வசதிதான். ஆனால் சக்கரம், கேபிள், அம்பைத் தாங்குகிற ரெஸ்ட் என்று நகரும் சாமான் அதிகம்; எதுவும் ஒரு மயிரிழை மாறலாம்.

நான் முதலில் செய்தது தப்பு. குறி பார்க்கிற சைட்டை நகர்த்தப் போனேன். அதிலுள்ள குறிமுள் எங்கே பார்க்கிறதோ அங்கே பிராட்ஹெட் விழுந்தால் போதுமே என்ற கணக்கு. பெரியவர் பார்த்துக்கொண்டே வந்து என் கையிலிருந்த ஆலன் சாவியை, அதாவது திருகு முடுக்குகிற அறுகோணச் சாவியை, வாங்கிக்கொண்டார். "மூஞ்சி அழுக்கா இருந்தா கண்ணாடியையா துடைப்பே?" என்று கேட்டார். அவர் சொன்னது ஆங்கிலத்தில், வேறு மாதிரி. எனக்குக் கேட்டது இப்படித்தான்.

விஷயம் என்னவென்றால், அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் பின்னால் உள்ள இறகு அதை நேராக்கிவிடும். ஃபீல்ட் பாயின்ட்டுக்கு முன்னால் காற்றில் பிடிபட ஒன்றும் இல்லை. அதனால் முதல் சில யார்டிலேயே கோணல் மறைந்துவிடும். பிராட்ஹெட்டின் பிளேடும் ஒரு இறகு மாதிரிதான், முன்னால் வைத்த இறகு. அம்பு எந்தப் பக்கம் சாய்ந்து கிளம்பியதோ அந்தப் பக்கமே அதை இழுத்துக்கொண்டு போகும். பின் இறகும் முன் பிளேடும் வழி நெடுகச் சண்டை. அந்தச் சண்டையோடு போய் மானில் இறங்குகிற அம்பு குறுக்குவாட்டில் இறங்கும், ஆழமாகப் போகாது. சைட்டை நகர்த்தி இடத்தைச் சரிபண்ணலாம், இதைச் சரிபண்ண முடியாது. காயத்தோடு ஓடி, இரண்டு நாள் கழித்து எங்கோ புதரில் சாகிற மானை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

"கடையில காகிதத்துல விட்டுப் பாத்துத்தானே கொடுத்தாங்க, ஓட்டை சுத்தமா இருந்துச்சே" என்றேன். ஒரு சட்டத்தில் காகிதத்தைக் கட்டி, ஆறேழு அடியிலிருந்து அதன் வழியாக அம்பு விட்டு, கிழிசலைப் பார்ப்பது வழக்கம். முனை ஓட்டையும் இறகு கிழித்த கோடுகளும் ஒரே இடத்தில் இருந்தால் அம்பு நேராகக் கிளம்புகிறது என்று அர்த்தம்.

"விட்டது யாரு?" என்றார் பெரியவர்.

கடைப் பையன். நான் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் கைக்கு வில் சரியாக இருந்தது, அவ்வளவுதான். வில் வாங்குகிற யாராவது இதைப் படித்தால், காகிதத்தில் நீங்களே உங்கள் கையால் விட்டுப் பாருங்கள். நான் இதை ஐந்து மாதம் தாமதமாகக் கற்றேன்.

வில்லைத் தொடுவதற்கு முன்னால் அம்புகளைப் பார்க்கச் சொன்னார். ஆறு அம்பிலும் பிராட்ஹெட்டை மாட்டி, முனையை மேஜையில் ஊன்றி, பம்பரம் மாதிரி விரலால் சுற்றிவிட்டோம். ஐந்து அசையாமல் சுற்றின. ஒன்று மட்டும் முனைக்கு மேலே நடுங்கியது. முனையைக் கழற்றி வேறு அம்பில் மாட்டினால் நடுக்கம் இல்லை. அப்படியென்றால் முனை நல்லது, அம்பின் வாயில் ஒட்டியிருக்கிற உலோக இன்செர்ட் கோணல். வாயைச் செங்குத்தாகத் தேய்க்கிற சின்னக் கருவி அவரிடம் இருந்தது. தேய்த்தும் அது முழுசாக அடங்கவில்லை. அதைச் சாதாப் பயிற்சிக்கு என்று சிவப்பு டேப் சுற்றி ஒதுக்கினோம். இந்த ஒரு சோதனைக்குக் காசு எதுவும் ஆகாது. ஆறில் ஒன்று இப்படி இருந்தால், என்றைக்கோ ஒருநாள் அந்த ஒன்றைத்தான் நான் மானுக்கு முன்னால் நாணில் வைத்திருப்பேன்.

அடுத்தது எடை. ஃபீல்ட் பாயின்ட்டும் பிராட்ஹெட்டும் ஒரே எடையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட்டே பிரயோஜனமில்லை. என்னுடையது இரண்டும் 125 கிரெயின். கிராமில் 8.1, கிட்டத்தட்ட ஒரு பவுன். நகை நிறுக்க வைத்திருந்த குட்டித் தராசு உதவிக்கு வந்தது. எடையில் குறை இல்லை. ஆனால் பெரியவர் அம்பின் மேலே அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்: 400.

அது ஸ்பைன் எண், அம்பின் விறைப்பு. 28 இன்ச் இடைவெளியில் இரண்டு தாங்கல் மேல் அம்பை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதுதான் கணக்கு. 0.400 இன்ச் வளைந்தால் 400. எண் கூடினால் அம்பு நெகிழ்வு, குறைந்தால் விறைப்பு. நான் வாங்கும்போது முனை 100 கிரெயின்; அதற்கு 400 எல்லையில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று 125-க்கு மாறினேன். முன்னால் கனம் கூடினால் அதே அம்பு இன்னும் நெகிழ்வாக நடந்துகொள்ளும். நான் செய்த மாற்றத்தை நானே மறந்துவிட்டு வில்லைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புது அம்பு வாங்குவதற்கு முன் ஒரு பரீட்சை வைத்தார். வில்லின் மேல் கீழ் கைகளைப் பிடித்திருக்கிற இரண்டு லிம்ப் போல்ட்டையும் சம அளவில் தளர்த்தி, 62 பவுண்டை 58-க்கு இறக்கினோம். சம அளவு என்பது முக்கியம், ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினால் வேறு வம்பு வந்து சேரும். இழுவை குறைந்தால் நெகிழ்வான அம்பு கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும். 40 யார்டில் எட்டு இன்ச் விலகல் ஐந்து இன்ச்சானது. சந்தேகம் தீர்ந்தது. போல்ட்டைப் பழைய இடத்துக்கே முறுக்கிவிட்டு, 340 ஸ்பைனில் அரை டஜன் அம்பு வாங்கினேன். செலவைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு இங்கே வேண்டாம்.

புது அம்பிலும் ஐந்து இன்ச் இன்னும் பாக்கி. கூடவே அந்த நாலு இன்ச் இறக்கம்.

இறக்கத்துக்குக் காரணம் தேட, அம்பு எங்காவது உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். என்னுடையது டிராப் அவே ரெஸ்ட்: அம்பைத் தாங்கியிருந்துவிட்டு, கிளம்பியதும் கீழே விழுந்து வழிவிடவேண்டும். பவுடர் பூசி விட்டால் உரசின தடம் தெரியும் என்றார்கள். ஊரிலிருந்து வந்த சந்தனப் பவுடரை இறகில் கொட்டினேன். நாணை விட்ட வேகத்தில் அது என் மூஞ்சியில்தான் வந்து விழுந்தது. இதற்கென்று காலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே பவுடரைப் பயன்படுத்துவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குக் கையில் இல்லை. மனைவியிடம் போய் நின்றேன்.

"என்னங்க, லிப்ஸ்டிக்கா? உங்களுக்கா?"

"அம்புக்கு."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். கைப்பையில் தேடி, தனக்குப் பிடிக்காத நிறத்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்று இறகின் ஓரத்திலும் தடவி, பத்து யார்டில் ஒரு அம்பு விட்டேன். திரும்பி வந்து ரெஸ்ட்டைப் பார்த்தால், அதன் கவையில் உள்பக்கம் ஒரு கோடு, கடுகளவு அகலம், நல்ல மெரூன். கீழ் இறகு ஒவ்வொரு முறையும் அங்கே தட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது. ரெஸ்ட்டைக் கேபிளோடு கட்டியிருக்கிற கயிற்றின் நீளம் சரியில்லாததால் அது விழுவதற்குத் தாமதமாகிறது. கயிற்றைக் கால் இன்ச் மாற்றிக் கட்டினேன். மறுபடி லிப்ஸ்டிக், மறுபடி அம்பு. கோடு இல்லை.

அதன் பிறகு இரண்டு கேமும் ஒரே நேரத்தில் நிற்கிறதா என்று பார்த்தோம். நான் மெதுவாக இழுக்க, அவர் பக்கவாட்டில் நின்று கவனித்தார். மேலது ஒரு துளி முந்தியது. புது நாண் ஒரு சீசனுக்குள் கொஞ்சம் நீண்டுகொடுக்கும், அப்போது இப்படி ஆகும் என்றார். அவருடைய பிரெஸ்ஸில் வில்லை அமுக்கி வைத்துக் கேபிளில் அரை முறுக்குப் போட்டார். பிரெஸ் இல்லாமல் வீட்டில் இதைச் செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள். முறுக்கிய வில் விட்டுக்கொண்டால் பல்லும் போகும், கண்ணும் போகும். இதே காரணத்துக்காக, அம்பில்லாமல் நாணை இழுத்து விடவும் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு இறக்கம் ஒரு இன்ச்சுக்கு வந்தது. வலப்பக்க விலகல் மட்டும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் அப்படியே இருந்தது. நான் ரெஸ்ட்டில் கை வைக்கப் போனேன். அவர் மறுபடியும் தடுத்து, என் பின்னால் நின்று போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தார்.

அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாணை விடுகிற கணத்தில் என் இடது கை வில்லின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறது. நாலு விரலும் மூடிக்கொள்கின்றன. அம்பு இன்னும் நாணை விட்டு முழுசாக விலகவில்லை, அதற்குள் வில் ஒரு பக்கம் திருகிக்கொள்கிறது. சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறேன். ஐந்து மாதமாக.

பெரியவர் என் உள்ளங்கையை விரித்து, பேனாவால் ஆயுள் ரேகையின் மேலேயே ஒரு கோடு போட்டார். வில்லின் கைப்பிடி இந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது, கட்டைவிரல் மேட்டின் மேல் மட்டும் உட்கார வேண்டும். விரல் முட்டிகள் 45 பாகையில் சாய்ந்து, விரல்கள் தொங்கவேண்டும். பிடிக்கவே கூடாது, தாங்கினால் போதும். விட்டால் வில் கீழே விழுமே என்ற பயம்தான் கையை மூட வைக்கிறது, அதற்கு மணிக்கட்டில் மாட்டுகிற வார் இருக்கிறது. வாங்கிப் போட்டுக்கொண்டேன். அடுத்த பத்து நாள் 40 யார்டெல்லாம் கிடையாது. ஐந்து யார்டில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாளைக்கு முப்பது அம்பு. கண் மூடியிருந்தால் குறி பார்க்கிற கவலை போய், கை என்ன செய்கிறது என்று மட்டும் தெரியும். இலக்கு மூக்குக்கு முன்னாலேயே இருப்பதால்தான் இது முடியும், தூரத்தில் முயலாதீர்கள். பேனாக் கோடு குளித்தால் அழிந்துவிடும், தினமும் போட்டுக்கொள்வேன். அலுவலக மீட்டிங்கில் ஒருத்தி "கைரேகை பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் 40 யார்டுக்குத் திரும்பியபோது விலகல் இரண்டு இன்ச் ஆகியிருந்தது. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல்.

அப்போதுதான் ரெஸ்ட்டைத் தொட அனுமதி கிடைத்தது. இதற்கான விதி எளிது, ஆனாலும் பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். பிராட்ஹெட் விழுந்த இடத்திலிருந்து ஃபீல்ட் பாயின்ட் விழுந்த இடத்தை நோக்கி ரெஸ்ட்டை நகர்த்தவேண்டும். என்னுடைய பிராட்ஹெட் வலப்பக்கம் கீழே விழுந்தது. எனவே ரெஸ்ட் இடப்பக்கம், மேலே. ஒரு தடவைக்கு 1/32 இன்ச், மில்லிமீட்டரில் 0.8, அதற்கு மேல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும். நகர்த்திய பிறகு இரண்டு முனையிலும் திரும்ப விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மேலும் கீழும் இடமும் வலமும் ஒரே மூச்சில் திருகினால் எது எதைச் செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இடப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று, மறுபடி இடப்பக்கம் அதில் பாதி. அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. இரண்டு முனையும் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்ததும், கடைசியாகச் சைட்டை நகர்த்தினேன். ஆகஸ்டில் முதல் வேலையாகச் செய்யப் போனேனே, அதேதான்.

பிராட்ஹெட்டோடு பழகும்போது சில சங்கதிகள். ஒரே புள்ளியைக் குறிவைத்து இரண்டு பிராட்ஹெட் விடாதீர்கள், இரண்டாவது முதலாவதின் இறகைச் சீவிவிடும். எனக்கு இரண்டு அம்பு அப்படிப் போயிற்று. பைக்குள் துணி அடைத்த இலக்கு இதற்கு ஆகாது, நுரை இலக்குதான் வேண்டும். அதையும் அது கடித்துத் துப்பும். பயிற்சிக்கு விட்ட பிளேடு மொக்கையாகிவிடும், வேட்டைக்குப் புதுசு. முனையை மாட்டக் கொடுக்கிற பிளாஸ்டிக் சாவியைச் சோம்பேறித்தனத்தில் நான் ஒருநாள் பயன்படுத்தவில்லை. கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அகலம் பற்றி இந்த மாநிலத்தில் விதி உண்டு: குறைந்தது 7/8 இன்ச். பறக்கும்போது மூடியிருந்து, பட்டதும் விரிகிற மெக்கானிக்கல் முனைகள் இந்தக் கோணலை ஓரளவு மறைத்துவிடும், பலர் அதற்காகவே அதற்கு மாறுகிறார்கள். விரிவதற்கே அம்பின் வேகத்தில் கொஞ்சம் போய்விடும் என்பதால் எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. என் அம்பு வினாடிக்குச் சுமார் 260 அடிதான் போகிறது. அது என் கணக்கு. 70 பவுண்டு இழுக்கிறவர் வேறு மாதிரி யோசிக்கலாம்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம். மரத்தில் கட்டிய இருக்கையில் மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். ஓக் இலை விழுகிற சத்தம்கூட மான் நடக்கிற மாதிரியே கேட்கும். ஆறரை மணிக்கு ஒரு பெட்டை மான் தனியாக வந்தது. 22 யார்டு. பக்கவாட்டில் நின்றது. இழுத்தேன். விரல்கள் தொங்குகின்றனவா என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன், அது மட்டும் நினைவிருக்கிறது. விட்டது தெரியவில்லை. அம்பு மானைக் கடந்து அந்தப் பக்க மண்ணில் குத்தி நின்றது, அம்பின் வாலில் நாணைக் கவ்வுகிற, ஒளிர்கிற நாக் மர நிழலில் பச்சையாகத் தெரிந்தது. மான் குதித்து ஓடியது, அப்புறம் சத்தமில்லை.

அரை மணி நேரம் இறங்கக்கூடாது என்பது பெரியவர் கட்டளை. அந்த முப்பது நிமிஷம் மொத்த செப்டம்பரைவிட நீளம். இறங்கி டார்ச்சோடு இரத்தத் தடத்தைப் பிடித்துப் போனால், அறுபது எழுபது அடி எடுத்து வைப்பதற்குள் கிடந்தது. இரண்டு விலா நடுவே போன ஓட்டை, உள்ளே போன பக்கமும் வெளியே வந்த பக்கமும் நேர் எதிரெதிரே. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பள்ளிபாளையம் சிக்கன் பக்குவத்தில், நிறைய மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு, மான்கறி. பெரியவருக்கு ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன், மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார். சித்தப்பா போனில் வழக்கம்போல எத்தனை உருப்படி என்றார். "ஒண்ணுதான் சித்தப்பா" என்றேன். "ஓரிக்கு அஞ்சு" என்றார்.

ரெஸ்ட் நிற்கிற இடத்தில் வெள்ளி நிறப் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன், போல்ட் தளர்ந்து நகர்ந்தால் தெரியும். வில் பெட்டியில் ஆலன் சாவி, நாணுக்குப் பூசுகிற மெழுகு, ஒரு மெரூன் லிப்ஸ்டிக். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க" என்றுவிட்டாள்.